பொதுக்கூட்டத்துக்குப் போய் வந்தாச்சு, அடுத்து என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கட்சிப் பொதுக்கூட்டமோ, இயக்கத்தின் மாநாடோ, ஊர்க்காரர்கள் நடத்திய ஆர்ப்பாட்டமோ, போய் வந்தவர்களில் பலர் “நாமும் ஏதாவது செய்யணும்” என்ற எண்ணத்தோடுதான் திரும்புகிறார்கள். எந்த மேடை என்பது இங்கே முக்கியமில்லை. தமிழ்நாட்டில் வசிக்கும் ஒரு சாதாரண வாக்காளர் அந்த எண்ணத்தைக் கிராம சபை, மனு, தகவல் அறியும் உரிமை என்று எங்கெல்லாம் கொண்டுபோகலாம், எங்கெல்லாம் தடுக்கி விழுவார் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

கூட்டத்தில் இருந்த வேகம் நாலே நாளில் அடங்கிவிடுகிறது. என்னிடம்தான் ஏதோ குறையா?

இல்லை. மேடைப் பேச்சு பெரும்பாலும் மாநிலம், நாடு என்ற அளவில் இருக்கும். உங்கள் கைக்கு எட்டுவது வார்டும் ஒன்றிய அலுவலகமும். கூட்டத்தில் கேட்டதற்கும் மறுநாள் காலையில் நீங்கள் செய்ய முடிவதற்கும் நடுவே யாரும் பாலம் போட்டுத் தருவதில்லை. அதனால் வேகம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் செலவாகிப் போகிறது.

நாங்கள் சொல்லும் வழி எளிது: ஏழு நாளுக்குள் உங்கள் பெயரும் தேதியும் உள்ள ஒரு காகிதம் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்துக்குள் போயிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் படிவமோ, ஒரு பக்க மனுவோ, பத்து ரூபாய் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பமோ, எதுவானாலும் சரி. காகிதம் உள்ளே போய்விட்டால் அதற்கு ஓர் எண்ணும் கெடுவும் வந்துவிடும். பிறகு உங்கள் ஆர்வம் குறைந்தாலும் முப்பதாவது நாள் அந்தக் கெடு உங்களைத் தட்டி எழுப்பும்.

கூட்டம் முடிந்து வந்த அன்று இரவே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

ஒரு தாளில் மூன்று வரி எழுதிவையுங்கள். பேச்சில் எந்த விஷயம் உங்களைத் தொட்டது? அது உங்கள் ஊரில் எந்த உருவத்தில் இருக்கிறது? அதற்குப் பொறுப்பான அலுவலகம் எது? மூன்றாவது வரி தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், கண்டுபிடிக்கும் வழி கீழே வருகிறது.

பேச்சில் ஒரு புள்ளிவிவரம் வந்து, அதை நீங்கள் நாலு பேரிடம் சொல்லப்போகிறீர்கள் என்றால் முதலில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்த ஆண்டின் கணக்கு, எந்தப் பகுதியின் கணக்கு, எண்ணியது யார்? மேடையில் எண்கள் உருண்டு திரண்டு பெரிதாவது எல்லாக் கட்சியிலும் நடப்பதுதான். தவறான எண்ணோடு அதிகாரி முன் போய் நின்றால், அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் ஒதுக்கிவிடுவார்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். வாக்குரிமைக்காக மட்டுமல்ல. கிராம சபையின் உறுப்பினர் யார் என்பதற்கு அரசியல் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலே அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியல்தான். பெயர் வேறு ஊரில் இருந்தால், இருபது வருடமாகக் குடியிருக்கும் ஊரிலும் தீர்மானத்தில் உங்களுக்குக் குரல் கிடையாது.

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், பிழை திருத்தம் இரண்டுக்கும் படிவம் 8. பெயர் நீக்கவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் படிவம் 7. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம், 18 நிரம்பியதும் பெயர் ஏறும். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பார்க்கலாம். அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார்.

எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது?

மூன்று மாதத்துக்குள் முடிவு தெரியக்கூடியதை எடுங்கள். ஊழலை ஒழிப்பது இரண்டாவது வேலையாக இருக்கட்டும். மூன்றாவது வார்டில் எரியாத பதினோரு விளக்கு முதல் வேலை.

எடுத்த பிரச்சினை யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் மனு எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. தெருவிளக்கில் கம்பம் மின்வாரியத்துடையது, பல்பும் அதன் பராமரிப்பும் ஊராட்சியின் வேலை. கம்பம் சாய்ந்ததற்கு ஊராட்சியில் மனு கொடுத்தால் அங்கேயே கிடக்கும். ஏரியானால், ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம். சாலையில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத்துறைச் சாலை என்று மூன்று வகை உண்டு. ஒரே தெருவின் முதல் பாதி ஒருவருடையதாகவும் மறுபாதி இன்னொருவருடையதாகவும் இருக்கும் ஊர்கள் நிறைய. குடிநீரில் தொட்டியும் குழாயும் ஊராட்சி பார்க்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால் தண்ணீர் வந்து சேரும்வரை குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு.

ஊராட்சிச் செயலரிடம் ஒரு முறை நேரில் கேட்டாலே பாதிக்கு மேல் தெளிவாகிவிடும். அவரை எதிரியாகப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். ஊராட்சியில் எல்லாப் பதிவேட்டையும் எழுதுகிறவர் அவர்தான்.

கிராம சபை எப்போது நடக்கும்? அழைப்பு வராமலே முடிந்துவிடுகிறதே.

ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது, உலகத் தண்ணீர் தினமும் (மார்ச் 22) உள்ளாட்சிகள் தினமும் (நவம்பர் 1) 2022-இல் சேர்ந்தன. தேதி சில சமயம் தள்ளிப்போகும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தாலோ, பண்டிகையை ஒட்டி வந்தாலோ மாற்றுவார்கள். 2024 நவம்பர் 1 கூட்டம் தீபாவளியை ஒட்டி வந்ததால் நவம்பர் 23-க்குப் போனது.

குறைந்தது ஏழு நாள் முன்பு இடம், நேரம், கூட்டப்பொருள் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். அறிவிப்பு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டதோடு நின்றுவிடும் ஊர்களில், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஆறேழு நாள் முன்பு அலுவலகத்துக்குப் போய்க் கூட்டப்பொருளின் நகலைப் படம் எடுத்துவந்து தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே அந்த முறை வருகை மாறும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தால் அவர் தலைமையில் நடக்கும். பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத ஊராட்சியில் தனி அலுவலர் நடத்துவார். தலைவர் இல்லாததால் கிராம சபையும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்?

மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். குறைவாக வந்தால் ஒத்திவைக்க வேண்டும்.

நான் சொல்வது தீர்மானமாக வர வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்?

கூட்டப்பொருள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, கூட்டத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு எழுத்தில் கொடுங்கள். “பின்வரும் பொருளை வரும் கிராம சபையில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளக் கோருகிறோம்” என்று தொடங்கி, பத்துப் பதினைந்து வாக்காளர்கள் பெயர், வாக்காளர் அட்டை எண், கையெழுத்தோடு இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் போட்டு அஞ்சலில் அனுப்புங்கள்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். பேசினால் செயலர் தன் மொழியில் சுருக்குவார், சுருக்கியதில் உயிர் போய்விடும். “குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டும்” என்ற வரியால் யாருக்கும் எந்தக் கடமையும் வராது. இப்படி எழுதலாம்:

“3-ஆவது வார்டு, கிழக்குத் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை மாதம் இருமுறை சுத்தம் செய்யவும், சுத்தம் செய்த தேதியைத் தொட்டியின் மேல் பொதுமக்கள் பார்வையில் எழுதவும், அடுத்த கிராம சபையில் இதன் அறிக்கையை வைக்கவும் இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

இடம், செயல், கால அளவு, அறிக்கை என்று நான்கும் அந்த வரிக்குள் இருக்கின்றன. ஒரு தீர்மானத்துக்கு ஒரு பிரச்சினை போதும். ஏழு கோரிக்கையை ஒரே தீர்மானத்தில் அடுக்கினால், செய்ய எளிதான ஒன்றைச் செய்துவிட்டு “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று கோப்பை மூடிவிடலாம்.

அன்று காலை அரை மணி நேரம் முன்பே போங்கள். படிவம் 30-இல் உள்ள வரவு செலவுச் சுருக்கத்தை ஃபிளெக்ஸ் பேனரில் எல்லாரும் பார்க்க வைத்திருக்க வேண்டும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பேனரோடு ஒப்பிட இதுவே போதும். கூட்டத்துக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலர்) வந்திருப்பார். அவர் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பொருள் எடுக்கப்படாவிட்டால் தலைவரிடம் வாக்குவாதம் செய்வதைவிடப் பற்றாளரிடம், எல்லார் முன்னிலையிலும், முத்திரை வாங்கிய நகலைக் காட்டிக் கேட்பது பலன் தரும்.

பேச இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பேசினால் மேடைப் பேச்சின் தாக்கம் தொற்றிக்கொள்ளும். முந்தைய வாரம் கேட்ட பேச்சாளரின் குரலிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள் சிலர், கிராம சபையில் அதற்குச் சிரிப்புதான் கிடைக்கும். உங்களுக்குப் பின் வேறு இரண்டு தெருக்காரர்கள் எழுந்து “எங்கள் தெருவிலும் இதே நிலைதான்” என்று சொல்ல முன்பே பேசிவையுங்கள்.

கிராம சபையில் பொதுவாக எங்கே கோளாறு நடக்கிறது?

முதல் கோளாறு கையெழுத்தில். வருகைப் பதிவேட்டை வீடு வீடாகவோ வேலைத்தளத்திலோ கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிட்டு, கூட்டத்தில் முப்பது பேரே உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் தொடங்கும்போது, முடியும்போது இரண்டு முறை தலையெண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இடத்தின் படமும் எடுங்கள். பிறகு பதிவேட்டு நகலை ஆர்.டி.ஐ.யில் வாங்கினால் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, தீர்மானப் புத்தகம். “எல்லாம் நிறைவேறியது” என்று சொல்லிவிட்டுப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவது பரவலான பழக்கம். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானங்களைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எழுதப்படாத பக்கத்தின் கீழே யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, பழக்கமான ஆள் நீட்டினாலும்.

மூன்றாவது நம் பக்கக் கோளாறு. தனிப்பட்ட வேலித் தகராறு, பங்காளிச் சண்டை, போன தேர்தலின் கோபம் இவற்றைக் கிராம சபையில் எடுத்தால் மீதி ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும். அதைத் தெரிந்தே கிளப்பிவிடுவதும் உண்டு. கணக்கு பற்றிய கேள்வி நெருங்கும்போது திடீரென்று யாராவது கத்தத் தொடங்கினால், கத்துகிறவரைப் பார்க்காமல் பற்றாளரைப் பார்த்து உங்கள் கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கள்.

நிதி எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்பதும் உண்டு. 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்குமே கட்டுப்பட்டது. அந்தப் பணத்தில் சமுதாயக் கூடம் கேட்டால் தலைவர் நினைத்தாலும் தர முடியாது.

தீர்மானம் போட்டால் அரசு கேட்டே ஆக வேண்டுமா?

எல்லா விஷயத்திலும் இல்லை. இதில் மிகைப்படுத்திச் சொல்கிறவர்கள் அதிகம். ஊராட்சியின் சொந்த வேலைகளில் தீர்மானத்துக்கு நேரடி வலு உண்டு. சுரங்கம், நெடுஞ்சாலை, மதுக்கடை போன்றவற்றில் முடிவெடுப்பது வேறு அரசு அமைப்பு. அங்கே தீர்மானம் மக்களின் நிலைப்பாட்டுக்கான பதிவாக நிற்கும், வழக்கிலும் பேச்சுவார்த்தையிலும் ஆவணமாகப் பயன்படும்.

நியம்கிரி இதற்கு விலக்கு. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது குறித்து கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகளும் மறுத்தன, சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அங்கே பின்னால் நின்றது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அது பொருந்தாத ஊரில் அதே பலத்தை எதிர்பார்க்க முடியாது.

மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் நடந்தது நமக்கு நெருக்கமான பாடம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. அரிட்டாபட்டி உள்ளிட்ட பல ஊராட்சிகள் நவம்பர் 23 கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-இல் மேலூரிலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி, ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. கிராம சபைத் தீர்மானம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை, பேரணி மட்டுமும் சாதிக்கவில்லை. ஆனால் பேரணிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே ஊர்வாரியாகக் கூடித் தீர்மானம் போட்டிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். பொதுக்கூட்டமும் கிராம சபையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒரு முறை படிக்கலாம்.

நகரத்தில் இருக்கிறோம். எங்களுக்குக் கிராம சபை இல்லையே?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. வார்டு சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். கிராம சபை அளவுக்கு இது வேரூன்றவில்லை, பல இடங்களில் கூட்டம் நடந்ததே தெரியாது. உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடியது, யார் வந்தார்கள், என்ன பதிவானது என்று மண்டல அல்லது நகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். கேட்கப்பட்ட வார்டில் அடுத்த கூட்டம் நடக்க வாய்ப்பு அதிகம்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுவால் பலன் உண்டா?

உண்டு, எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டால். மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு கணினியில் பதிவாகி, பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே அலைந்த அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பிப் போகும். வித்தியாசம், இப்போது அதற்கு மேலிடத்து எண் இருக்கிறது. எனவே முதல் மனுவைக் கீழ் அலுவலகத்தில் கொடுத்து, அதன் ஒப்புகையை இணைத்துக் கலெக்டர் மனுவில் “இன்ன தேதியில் கொடுத்தும் நடவடிக்கை இல்லை” என்று எழுதுங்கள். நேரே கலெக்டரிடம் போன மனு ஒரு சுற்றை வீணாக்கும்.

ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் கோரிக்கை, இரண்டாவதில் காரணம், கீழே இணைப்புகளின் பட்டியல். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதியலாம். தேர்தல் நடத்தை விதிகள் இருக்கும் காலத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்காது, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆர்.டி.ஐ. விண்ணப்பம் எப்படி எழுதுவது?

வெள்ளைத் தாள் போதும். “பொதுத் தகவல் அலுவலர்” என்று அலுவலக முகவரி இட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் விண்ணப்பம் என்று தலைப்பிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது பிரிவு 6(3)-படி அவர்கள் வேலை.

பெரும்பாலான விண்ணப்பங்கள் கேள்வியில்தான் தோற்கின்றன. “எங்கள் தெருவில் ஏன் விளக்கு போடவில்லை?” என்றால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று பதில் வரும், அது சட்டப்படியும் சரிதான். அலுவலகத்தில் ஏற்கெனவே காகிதமாக இருப்பதைக் கேளுங்கள்:

“2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை எங்கள் ஊராட்சியில் தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகைக்கான செலவுச் சீட்டுகளின் நகல், வாங்கிய விளக்குகளின் இருப்புப் பதிவேட்டு நகல், 2024 அக்டோபர் 2 கிராம சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானங்கள் ஆகியவற்றின் நகல்.”

“கடந்த பத்தாண்டுக்கான அனைத்து விவரங்களும்” என்று கேட்டால் நகலுக்கே பெரும் தொகை கேட்டுக் கடிதம் வரும். பக்கத்துக்கு 2 ரூபாய், கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். உயிர், உடல் சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் முறையீடு. அதுவும் பயனில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது முறையீடு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 வரை தண்டம் விதிக்கலாம். ஆணையத்தில் முறை வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் முதல் முறையீட்டிலேயே பாதி விஷயம் நகர்ந்துவிடுவது வழக்கம். ஆள்கள் விடுகிற இடமும் அதுதான். முப்பத்தொன்றாவது நாளை அனுப்பும் அன்றே காலண்டரில் வட்டமிடுங்கள்.

அஞ்சல் ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் விண்ணப்ப நகலோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.

இதற்கெல்லாம் கட்சியில் சேர வேண்டுமா?

தேவையில்லை, சேரக் கூடாது என்பதும் இல்லை. கட்சி உறுப்பினராக இருந்தால் அலுவலகக் கதவு சீக்கிரம் திறக்கும், கூடவே உங்கள் கட்சி ஆளும் ஊராட்சியில் கேள்வி கேட்கும்போது வாய் கட்டப்படும். கூட்டம் முடிந்த கையோடு மிஸ்டு கால் கொடுத்துச் சேர்வதைவிட, அந்தக் கட்சியின் கிளைக் கூட்டம் உங்கள் ஊரில் நடக்கிறதா, அதில் உள்ளூர் விஷயம் பேசப்படுகிறதா என்று ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாம். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளின்படி கட்சி அரசியலில் பங்கேற்க முடியாது. வாக்காளராகக் கிராம சபையில் உட்கார்ந்து குடிநீர் பற்றிக் கேட்பது கட்சி அரசியல் அல்ல.

நாங்களே ஒரு சின்னக் கூட்டம் போட அனுமதி வேண்டுமா?

வீட்டுத் திண்ணையில் இருபது பேர் உட்கார்ந்து பேச அனுமதி தேவையில்லை. பொது இடம், மைக், ஊர்வலம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, பேச்சாளர்கள், வண்டி நிறுத்துமிடம், பொறுப்பாளர் ஃபோன் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மறுத்தால் வாய்மொழியாக ஏற்காதீர்கள், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டம் 19(1)(ஆ) தரும் உரிமை. எழுத்துப்பூர்வ மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும், அப்படி அனுமதி பெற்று நடந்த கூட்டங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

பெரிய கூட்டங்களுக்குப் போகும்போது பாதுகாப்புக்கு என்ன செய்வது?

2025 செப்டம்பர் 27-இல் கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்களை மேடைக்கருகே அழைத்துப் போகாதீர்கள். தடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காமல், வெளியேறும் வழி தெரியும் ஓரத்தில் நில்லுங்கள். தலைவர் குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாண்டியும் வரவில்லை, தண்ணீரும் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். பேச்சு அன்றிரவே ஃபோனில் வந்துவிடும். கை அசைக்க இடமில்லாமல் கூட்டம் இறுகத் தொடங்கினால் இரு முன்கைகளையும் மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் பிடித்து, தள்ளும் திசையோடு நகர்ந்தபடி குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள்.

கேள்வி கேட்டால் மிரட்டுவார்களே? சாதியைச் சொல்லி ஒதுக்கினால்?

பயம் நியாயமானது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் பட்டியல் சாதித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடத்த விடப்படவில்லை. அதனால் தைரியமாகப் போங்கள் என்று ஒற்றை வரியில் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

தனியாகப் போகாதீர்கள். மனு, ஆர்.டி.ஐ. எதையும் ஒரே ஆளின் பெயரில் தொடர்ந்து போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். முக்கியமான விண்ணப்பத்தை வெளியூரில் இருக்கும் உறவினர் பெயரிலும் போடலாம், இந்தியக் குடிமகன் யாரும் கேட்கலாம். நகல்களின் படங்களை ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின் தனிக் குற்றம். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்துப் பதிவு ரசீது வாங்குங்கள். நாள் தள்ளினால் “ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள்” என்பதே முதல் கேள்வியாக வரும்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா?

21 வயது நிரம்பி, அந்த ஊராட்சி வாக்காளராக இருந்தால் நிற்கலாம். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு. முதலில் வார்டு உறுப்பினராக நிற்பதைப் பரிந்துரைக்கிறோம். தலைவர் தேர்தலில் பணம் விளையாடும், வார்டில் முந்நூறு வீட்டை நடந்தே முடித்துவிடலாம். அதற்கு முன் நான்கு கிராம சபையில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் ஊரே உங்களுக்கு முகம் கொடுக்கும்.

ஐந்தாறு பேர் சேர்ந்தோம். மூன்று மாதத்தில் கலைந்துவிட்டது. குழுவை எப்படிக் காப்பாற்றுவது?

பெயர் வைப்பது, லோகோ போடுவது, தலைவர் செயலாளர் பொருளாளர் நியமிப்பது, இந்த மூன்றையும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். குழுக்கள் உடைவது பெரும்பாலும் பதவியிலும் பணத்திலும்தான். நகல் எடுக்கும் செலவை அவரவர் ஏற்கட்டும். வசூல் செய்தே ஆக வேண்டும் என்றால் ரசீதுப் புத்தகமும், மாதக் கடைசியில் குழுவில் போடும் கணக்குப் படமும் கட்டாயம்.

மாதம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே இடம், ஒரு மணி நேரம். ஆள் குறைந்தாலும் நாளை மாற்றாதீர்கள், மாற்றத் தொடங்கினால் மூன்றாவது மாதம் யாருக்கும் தேதி நினைவிருக்காது. பெண்கள் வர வேண்டும் என்றால் மாலை ஆறரை மணிக்கு டீக்கடையில் வைத்துவிட்டு “அழைத்தோம், வரவில்லை” என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஞாயிறு பகலில் பள்ளித் திண்ணையிலோ, மகளிர் சுயஉதவிக் குழு கூடும் இடத்திலோ வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: அனுப்பிய காகிதம், அனுப்பிய தேதி, எண், கெடு, யார் பொறுப்பு என்று ஐந்து பத்தி. ஒவ்வொரு மாதமும் கெடு தாண்டிய வரிகளை மட்டும் படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படமும் கட்சித் தலைவர் காணொளியும் வரத் தொடங்கினால் தனியாக இன்னொரு குழு திறந்து, அதில் மனு நகல்களையும் பதில்களையும் மட்டும் போடுங்கள்.